பெயர் பிரித்த சட்டை

மே மாதத்து முதல் சனிக்கிழமை வந்தால், பாங்காக்குக்கு வெகு தெற்கே இருக்கிற த்ராங் ஊரில் பாதிப் பெற்றோர்களுக்கு வேறு வேலை ஓடாது. மணிக்கூண்டுப் பக்கத்தில் இருக்கிறதே தனியார் பள்ளி, அதன் சீருடைக் கூட்டம் அன்றைக்குத்தான். காலையிலேயே சுட்ட பன்றி இறைச்சியும் காப்பியும் முடித்துக்கொண்டு, கையில் விசிறியோடு வந்து உட்காருவார்கள். மேடையில் லமாய் ஏறுவாள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.

லமாய்க்கு நாற்பத்தாறு வயது. பாடம் நடத்துகிறவள் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து மாணவர் ஒழுங்கைப் பார்க்கிறவள். ஆனாலும் ஊருக்கு அவள் டீச்சர்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சீருடை விதிகளை விளக்கும் வேலை அவளுடையது. மூன்று நாள் வெள்ளைச் சட்டையும் கருநீலப் பாவாடையும், ஒரு நாள் சாரணர் உடை, வெள்ளிக்கிழமை உள்ளூர் நெசவுச் சட்டை. காலுறையில் கோடு கூடாது. ரிப்பன் கருநீலம், வானநீலம் இல்லை. வலது மார்பில் பள்ளியின் எழுத்து, இடது மார்பில் பிள்ளையின் பெயர், இரண்டும் கருநீல நூலில். அதையும் வேறெங்கும் தைக்கக் கூடாது, பள்ளிக்கு எதிர்க்கடையில்தான் தைக்க வேண்டும்.

பாவாடை முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இருக்க வேண்டும் என்கிற இடம் வந்ததும் வருஷா வருஷம் ஒரு கை உயரும். முன்பக்கம் தவளை மூக்கு மாதிரி புடைத்த மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுகிற தவீயின் கை. மூன்று பெண்களைப் பெற்ற மனுஷன்.

"யாரோட நாலு விரல் டீச்சர்? என் விரலா, என் மகளோட விரலா?"

"என் விரல்," என்பாள் லமாய். சிரிப்பும் அடங்கிவிடும், கேள்வியும் அடங்கிவிடும்.

பிறவியிலேயே அவள் இப்படி இரும்பு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இரும்பாவது, மண்ணாவது. அவளை இத்தனை வருஷம் அந்த மேடையில் நிற்க வைத்தது ஒரு சட்டை. அந்தச் சட்டையும், எதிர்க்கடைக்காரி நிரமோனும்.

லமாயின் அம்மா ரப்பர் மரம் கீறிப் பிழைத்தவள். தோட்டம் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்குச் சொந்தம். தோட்டத்துப் பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிற ஒருத்தரை வருஷத்துக்கு ஒரு முறை பள்ளியில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். லமாய் பத்து வயதில் அப்படித்தான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். படிப்பு இலவசம், சீருடை இலவசம் இல்லை. அம்மா கோயிலுக்குப் போய்ப் பெரிய பிக்குவிடம் கேட்டாள். சீருடைக்கடை வாசலில் ஒரு பிரம்புக்கூடை இருக்கும். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன சட்டைகளைக் கோயில் அநாதைகளுக்கென்று ஊர்க்காரர்கள் அதில் போடுவார்கள். கடைக்காரி ஹூய் அதையெல்லாம் கோயிலில் சேர்த்துவிடுவாள் என்று ஏற்பாடு. பிக்கு அதிலிருந்து வந்த ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். மார்பில் நிரமோன் என்று பெயர் இருந்தது. ஹூயின் மகள் பெயர்.

மரம் கீறிவிட்டு வந்து பகலில் தூங்குகிற பொம்பளை அன்றைக்குத் தூங்கவில்லை. சவர பிளேடை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு தையலாக அறுத்து அந்தப் பெயரைப் பிரித்தாள். அதே இடத்தில் கையாலேயே லமாய் என்று தைத்தாள். எழுத்து கொஞ்சம் கோணல்தான். அவளுக்கு எழுதப் படிக்க வராது, பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் வரைகிற மாதிரி தைத்திருந்தாள். லமாய்க்கு அந்தச் சட்டையைப் போட்டதும் தலைகால் புரியவில்லை.

துணியில் ஊசி போன ஓட்டை அவ்வளவு லேசில் மூடாது. அது அம்மாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. மறுநாள் கொடிக்கம்பத்துக்கு முன் வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நின்ற நிரமோன் திரும்பிப் பார்த்தாள். உருண்டை முகம், இரட்டை ரிப்பன். கை நீட்டி லமாயின் மார்பைக் காட்டினாள்.

"அய்ய, அது என் சட்டை! பாருங்க, என் பேரு இன்னும் போகல!"

ஐந்தாம் வகுப்பு முழுக்க வந்து எட்டிப் பார்த்தது. ஆசிரியையும் வந்து பார்த்தார். பெயர் சுத்தமாக இல்லாவிட்டால் விதிப்படி செல்லாது, அம்மாவிடம் சொல்லிப் புதுச் சட்டை வாங்கிக்கொள் என்றார். அன்றைக்குக் கிடைத்த பெயர் லமாய்க்கு ஆறு வருஷம் ஒட்டிக்கொண்டது. ரெண்டாம் நிரமோன். கணக்கில் முதல் பரிசு வாங்க மேடை ஏறினாள். பின் வரிசையில் அம்மா ஒட்டுப்போடாத ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயரைப் படித்ததும் வகுப்பே சேர்ந்து கத்தியது, ரெண்டாம் நிரமோன் என்று. அம்மாவுக்கு அது பாராட்டு என்று தோன்றியிருக்க வேண்டும், அவளும் கைதட்டினாள். அந்தக் கைதட்டலைத்தான் லமாயால் கடைசி வரை மன்னிக்க முடியவில்லை. அம்மாவை இல்லை, நிரமோனை.

பாங்காக்கில் படித்தாள், அங்கேயே கொஞ்ச நாள் வேலை பார்த்தாள், காப்பிக்கடை வைத்திருந்த பிரசொங்கைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். இரண்டு பள்ளிகளில் வேலை காலியாக இருந்தது. அவள் இந்தப் பள்ளியையே கேட்டு வாங்கினாள். அந்தச் சட்டையை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை எடுத்து, அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டுவாள். ஒரு தடவை பிரசொங் கேட்டே விட்டான்.

"உனக்கு நான் புருஷனா, அந்தப் பெட்டி புருஷனா?"

"பெட்டி எதிர்த்துப் பேசறதில்ல," என்றாள்.

எதிர்க்கடை ஹூயிடமிருந்து மகளுக்கு வந்தது. நிரமோனும் லமாயும் தினமும் பார்த்துக்கொள்வார்கள். கைகூப்பிக்கொள்வார்கள், சிரித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிப்பை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. நிரமோன் அவளை டீச்சர் என்பாள். லமாய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சின்ன வயதிலும் சொன்னதில்லை. லமாய் அதை எண்ணிக்கொண்டே இருந்தாள். இவள் வாயிலிருந்து என் பெயரை வரவழைக்க வேண்டும், அதுவும் இவள் தலை குனிந்து நிற்கும்போது வர வேண்டும். இது ஒன்றுதான் அவளுடைய ஆசை. கூட வேலை பார்க்கிற நூலகக்காரி நல்ல பக்தி உள்ளவள். விட்டுடு, கர்மா பாத்துக்கும் என்று சொல்லிப் பார்த்தாள்.

"கர்மாவுக்கு ஆயிரம் வேலை," என்றாள் லமாய். "எனக்கு இது ஒண்ணுதான்."

வேளை தானாகவே வந்தது. போன பிப்ரவரியில் சந்தைக்குப் போன இரண்டாம் வகுப்புப் பெண்ணிடம் எவனோ ஒருத்தன் வந்து, அவள் மார்பில் தைத்திருந்த பெயரைப் படித்துவிட்டு, உங்கப்பா கூட்டிவரச் சொன்னார் என்றிருக்கிறான். தன் பெயர் தெரிந்த ஆள் தெரிந்தவன்தானே என்று குழந்தையும் கூடவே நடந்துவிட்டது. மணிக்கூண்டு வரை போன பிறகு தவீ பார்த்து வண்டியைக் குறுக்கே போட்டான். ஆள் ஓடிவிட்டான், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் ஆடிப் போய்விட்டது.

மறுநாளே லமாய் புது விதியை எழுதிவிட்டாள். இனிமேல் மார்பில் பெயர் கிடையாது. பள்ளியின் எழுத்து மட்டும் போதும், அது துணி ஆலையிலிருந்தே அச்சாகி வரும். பெயரைக் காலருக்கு உள்பக்கம் பேனாவால் எழுதினால் போதும். எல்லாம் நல்ல காரணம்தான், ஒரு எழுத்துப் பொய் கிடையாது. குழந்தையை நினைத்து அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு பதறியது. ஆனால் எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது அவள் நினைத்தது குழந்தையை இல்லை. எதிர்க்கடையில் போன மாதம்தான் வந்து இறங்கிய இயந்திரத்தை நினைத்தாள். ஒரே நேரத்தில் ஆறு சட்டைகளில் பெயர் தைக்கும் இயந்திரம் அது. கடையின் பிழைப்பே பெயர் தைப்பதுதான். பெயர் போனால் கடை போச்சு.

பள்ளி இயக்குநர் வீரயுத் யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர். அவர் மனைவியும் நிரமோனும் சேர்ந்து கோயில் கோயிலாகப் புண்ணியம் செய்யப் போகிறவர்கள். அவர் கையெழுத்துப் போடாமல் நழுவினார். கூட்டத்தில் நீங்கள் விளக்குங்கள், நிரமோனும் தன் பக்கத்தைச் சொல்லட்டும், பெற்றோர்கள் கை தூக்கினால் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பத்துப் பேர் முணுமுணுத்தாலும் பழைய விதிதான். லமாய்க்கு அது போதும். ஊருக்கு முன்னால் நிரமோன் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். லமாய் ஆசைப்பட்டதும் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை அரங்கில் நிற்க இடமில்லை. பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம்தான், பாதிப் பேர் வருகிற வழியிலேயே எதிர்க்கடையில் சட்டை வாங்கிக்கொண்டு பையோடு வந்திருந்தார்கள். நிரமோன் முதலில் பேசினாள். பட்டுச் சட்டை, கழுத்தில் முத்து, பேச்சும் வழுவழு. பெயர் தைப்பது நம்ம பள்ளியின் அடையாளம், நம்ம அம்மாக்கள் காலத்து வழக்கம், பெயர் இல்லாத சட்டை தொலைந்தால் யார் கொண்டுவந்து கொடுப்பார் என்றாள். நிறையத் தலைகள் ஆடின. பிள்ளையின் பெயர் மார்பில் மின்னினால் எந்தப் பெற்றோருக்குத்தான் பெருமையாக இருக்காது? லமாய் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தன் முறை வந்ததும் அவள் சந்தையில் நடந்ததைச் சொன்னாள்.  ஆனால் தலைகள் இன்னும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

தைத்த பெயர் சும்மா போய்விடாது, பிரித்தாலும் போகாது என்றாள். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய சட்டை இது, என் அம்மா பிளேடால் பிரித்தது என்றாள். விதிகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்த புரொஜெக்டரின் வெளிச்சத்துக்கு முன் அதை விரித்துப் பிடித்தாள். நடுவில் நூலில் தைத்த கோணல் லமாய். அதைச் சுற்றி வெளிச்சம் புகுந்த புள்ளிகள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தவீயை எழுந்து வந்து படிக்கச் சொன்னாள். உரக்கப் படிக்கச் சொன்னாள். ஊரே கேட்கட்டும், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சீமாட்டியின் பெயரை ஊரே கேட்கட்டும் என்று காத்து நின்றாள்.

தவீ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தான்.

"நிர... மோன். நிரமோன்," என்றான். அரங்கில் ஒரு சலசலப்பு. நிரமோன் அசையவில்லை. தவீ நிமிரப் போனவன் மறுபடியும் குனிந்தான். "இருங்க டீச்சர். நடுவுல இன்னொண்ணு இருக்கே."

லமாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னொரு பேரு டீச்சர். ஓட்டை இன்னும் சின்னது. யு... யுபின்."

லமாய் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. நிரமோன் என்ற ஓட்டைகளுக்கு இடையில், அதைவிட மெல்லிய வரிசையில் இன்னொரு பெயர். முப்பத்தாறு வருஷம் விரலால் தடவிய சட்டை. ஒரு தடவைகூட வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த பெயரைத்தான் அவள் தேடியிருக்கிறாள்.

மூன்றாவது வரிசையில் பயோம் எழுந்து நின்றாள். காலைச் சந்தையில் மாவு பொரித்து விற்கிறவள். நாற்பத்தெட்டு வயதில் கடைக்குட்டி மகனை நாலாம் வகுப்புக்கு அனுப்புகிறாள், அவளும் இதே பள்ளியில் படித்தவள்தான். யுபின் என் வகுப்புப் பெண் என்றாள். யுபினின் அம்மா அவள் சட்டைகளை எல்லாம் கோயில் பிள்ளைகளுக்கென்று ஹூய் கடைக் கூடையில் போட்டாள், நானும் கூடப் போனேன் என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். அவள் முகம் மெதுவாக மாறியதை லமாய் மேடையிலிருந்து பார்த்தாள்.

"கோயிலுக்குன்னு போட்ட சட்டை கடைக்காரம்மா மகளோட மார்புக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் பயோம். "மகளுக்கே அதுன்னா, நமக்கு என்னத்த வித்தாங்க?"

கேட்டுவிட்டுச் சும்மா உட்காரவில்லை. காலையில் வாங்கிய பையைப் பிரித்தாள், மகனுக்கான புதுச் சட்டையை எடுத்தாள், கஞ்சி போட்டு மடித்த மடிப்பை உதறிக்கொண்டு மேடைக்கு வந்தாள். புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்தாள். புத்தம் புதிதாகத் தைத்த மகன் பெயருக்கு அடியில், வேறு எவன் பெற்ற பிள்ளையின் பெயரோ பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது.

அப்புறம் நடந்ததை எங்கள் ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது, சொல்லித் திட்டுகிறது. இருநூறு பெற்றோர்கள் பைகளைப் பிரித்தார்கள். புரொஜெக்டருக்கு முன் வரிசை நின்றது. முன்னால் வந்தவர்கள் சட்டையை விரித்துப் பிடிக்க, தவீ கண்ணாடியோடு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தான். சுத்தம். சுத்தம். இதுல ஒரு அனோங். சுத்தம். இதுல ரெண்டு பேரு, அடேங்கப்பா. வரிசைக்குப் பொறுமை இல்லாதவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். கூடையில் தானே போட்ட மூத்த மகனின் சட்டையைத் தானே காசு கொடுத்து வாங்கி வந்திருந்த ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாச் சட்டையும் அப்படி இல்லை. நாலில் ஒன்று இருக்கும். ஆனால் நாலில் ஒன்று போதுமே.

இயக்குநர் கை தூக்கச் சொன்னார். கைகள் ஏற்கனவே மேலேதான் இருந்தன, சட்டைகளோடு. அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார்.

லமாயின் நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்ததென்ன, பனிக்கட்டி போட்ட மாதிரி இருந்தது. அம்மா, பார்த்தியா என்று மனசுக்குள் சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அம்மாவைப் பின் வரிசையில் தேடினாள். அப்புறம் நிரமோனைப் பார்த்தாள். முகம் சிவக்கும், அழுவாள், ஓடுவாள் என்று எத்தனை வருஷம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்! நிரமோன் ஓடவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை. லமாய் கையில் இருந்த பழைய சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் கலைந்து தன்னைச் சுற்றி வந்து கத்த ஆரம்பித்த பிறகுதான் எழுந்து போனாள்.

அடுத்த இரண்டு வாரம் எதிர்க்கடை வாசலில் சந்தை கூடியது. சட்டையைத் திருப்பி எறிந்தவர்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள், வெறுமனே திட்டிவிட்டுப் போக வந்தவர்கள். கோயிலிலிருந்து ஒரு சின்ன பிக்கு வந்து கூடையைப் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி என்று ஊர் சொன்னது. இயக்குநரின் மனைவி புண்ணியம் செய்ய வேறு துணை பிடித்துக்கொண்டாள். லமாய் அலுவலக ஜன்னலில் நின்று, ஒன்று விடாமல் பார்த்தாள். மத்தியானச் சோற்றைக்கூட அந்த ஜன்னலில் நின்றுதான் சாப்பிட்டாள்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. நிரமோன் இன்னும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய மத்தியானம், மழை விட்டதும் லமாய் தெருவைக் கடந்து போனாள். நல்ல எண்ணத்தோடு போனாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பைக்குள் அந்தச் சட்டை இருந்தது. இந்தா உன் சட்டை என்று அதைக் கடைப்பலகையில் வீசிவிட்டு, அவள் குனிந்து எடுப்பதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வழி முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே அந்தப் பெரிய இயந்திரம் துணி போர்த்திக் கிடந்தது. நிரமோன் தரையில் உட்கார்ந்து, திரும்பி வந்த சட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். முத்து இல்லை. தலைகூட வாரவில்லை.

"சிரிக்க வந்தியா?" என்றாள். முதல் தடவையாக டீச்சர் என்கிற அழைப்பு போய்விட்டது.

"ஆமா," என்றாள் லமாய்.

"நல்லா சிரி. ஆனா கணக்குல பரிசு வாங்கினவ, உன் கணக்கு தப்பு. நான் உன்னை ரெண்டாம் நிரமோன்னு கூப்பிட்டேன்ல? ரெண்டாவது நான். நீ மூணாவது."

நிரமோன் சொல்லச் சொல்ல லமாய் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதில் ஜன்னல் ஓரம் நின்று உடை மாற்றும்போதுதான் நிரமோன் தன் சட்டையில் யுபினைக் கண்டுபிடித்திருக்கிறாள். அம்மாவிடம் கேட்டாள். வெளியே மூச்சு விட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று ஹூய் தொடையில் கன்றிப்போகிற மாதிரி கிள்ளினாள். அந்த வருஷம் முழுக்கப் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்திருக்கிறாள். மறுவருஷம் அந்தச் சட்டை இன்னொரு தடவை விற்க முடியாத அளவுக்கு நைந்துபோனதால் ஹூய் அதை நிஜமாகவே கோயிலுக்குப் போட்டுவிட்டாள். பள்ளி திறந்த அன்று கொடிக்கம்பத்துக்கு முன்னால், அதே சட்டை பக்கத்தில் வந்து நிற்கிறது.

"யாராவது உத்துப் பாத்தா யுபின் பேரும் தெரிஞ்சிருக்கும். அதான் நானே முந்திக்கிட்டுக் கத்தினேன். என் பேரைக் காட்டினா எல்லாரும் அதை மட்டும்தானே பாப்பாங்க. எல்லாரும் உன்னைத்தான் பாத்தாங்க. என்னை யாரும் பாக்கல."

லமாய்க்கு இரக்கம் வரும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ. வரவில்லை. வந்தது ஆத்திரம், பழைய ஆத்திரத்தைவிடச் சூடாக. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன்னைப் போலவே ஒருத்தி என்று தெரிந்தே, ஆறு வருஷம் தினமும் கூப்பிட்டிருக்கிறாள்.

"அன்னிக்கு என் காதுல சொல்லியிருந்தா," என்றாள் லமாய், "ரெண்டு பேரா நின்னிருப்போம். எங்கம்மா உன் வாயால வந்த பேருக்குக் கைதட்டியிருக்க மாட்டா." அவள் தரையில் கிடந்த கட்டுகளைக் காட்டினாள். "சரி, அப்போ சின்னப் பொண்ணு, உங்கம்மாவுக்குப் பயந்த. ஒரு வருஷம் பையை அணைச்சுக்கிட்டு நடந்தவ, வளர்ந்து ஊரான் பிள்ளைங்களுக்கு எப்படிடீ இதையே போட்டுவிட்ட?"

நிரமோன், கட்டின முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். தெருவில் தவீயின் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போனது. அவள் கண் லமாயின் பையின் மேலேயே இருந்தது. வெளியே எட்டிப் பார்த்த வெள்ளைத் துணி ஓரத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"கடை போயிடுச்சு. நாளைக்கு மெஷினையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீ கேட்டதெல்லாம் கிடைச்சிடுச்சு," என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். "அதை மட்டும் எனக்குக் குடுத்துடு, லமாய். எரிச்சிடறேன்."

வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் எந்த வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்திருந்தாளோ, அந்த வாயிலிருந்து, தலை குனிந்தபடியே வந்துவிட்டது. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அந்த இனிப்பை அவள் ஒளிக்கவில்லை, நன்றாக நின்று ருசித்தாள். அப்புறம் பைக்குள் கைவிட்டு, வீசுவதற்காகக் கொண்டுவந்த சட்டையைத் தொட்டாள். அம்மாவின் கோணல் எழுத்து விரலில் நெருடியது. எழுதத் தெரியாதவள் படம் வரைகிற மாதிரி தைத்த எழுத்து.

பையின் வாயை இறுக்கி மூடினாள்.

"தர மாட்டேன்," என்றாள் லமாய். "அது என் சட்டை."